ஏ.எம்.டி. காரின் தேய்ந்த கிளட்சை எந்தக் கட்டத்தில் மாற்றுவது?

மேட்டுவழி, சேலம்

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2017-இல் வாங்கிய, கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஐந்து கியர் ஏ.எம்.டி. பொருத்திய சிறிய பெட்ரோல் கார். இதுவரை 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நாள்தோறும் நகருக்குள் பள்ளி, அலுவலகம் என்று போய்வருவேன். மாதத்தில் இரண்டு முறையாவது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டில் இருக்கும் என் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும்.

கடந்த மூன்று மாதங்களாக முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, பின்னாலிருந்து யாரோ தள்ளியதைப்போல் முன்னே பாய்கிறது. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது ஸ்டியரிங் வரை அதிர்வு வருகிறது. பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்த்தவர், கிலோமீட்டரைக் கேட்டுவிட்டு, "எழுபதாயிரம் தாண்டிவிட்டது, கிளட்ச் செட்டை மாற்றிவிடலாம்" என்று 26,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கவில்லை. கிளட்ச் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் இன்றே மாற்றத் தயார். ஆனால் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்காமல் அது தேய்ந்துவிட்டதை எப்படி உறுதி செய்வது? தேய்ந்திருந்தாலும் இப்போதே மாற்ற வேண்டியதுதானா, இன்னும் ஓட்டலாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பட்டறைப் பாண்டம், ஈரோடு

ஐயா, உங்கள் பட்டறைக்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறிகளுமே கிளட்ச் தேய்ந்தால்தான் வரும் என்று சொல்லிவிட முடியாது. 2014-இல் மாருதியின் செலேரியோ கார் இந்த அமைப்புடன் வந்த காலம் முதல் பல நிறுவனங்களின் ஏ.எம்.டி. வண்டிகளைப் பார்த்து வருகிறேன். குலுக்கலுக்காகக் கிளட்சை மாற்றி, பணமும் செலவாகி, குலுக்கல் அப்படியே இருக்கிறது என்று வந்தவர்கள் பலர்.

உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் ஒற்றைக் கிளட்ச் பிளேட்டும்தான். நம் இடது காலும் கையும் செய்யும் வேலையை ஒரு சிறிய எண்ணெய்ப் பம்பு, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர், சில வால்வுகள், இவற்றுக்குக் கட்டளையிடும் கணினி ஆகியவை செய்கின்றன. ஆகவே கியர் மாறும்போது வரும் குலுக்கல், செய்யும் 'கை' தளர்ந்ததாலும் வரலாம், பிடிக்கும் 'தகடு' தேய்ந்ததாலும் வரலாம். முதலில் கையைச் சோதித்துவிட்டுத்தான் தகட்டுக்கு வர வேண்டும்.

காலையில் அமைதியான இடத்தில் ஓட்டுநர் கதவைத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கதவு திறந்ததுமே பம்பு சில விநாடிகள் 'ங்ங்' என்று ஓடி நிற்கும். பிறகு எஞ்சினை இயக்கி, நியூட்ரலில் வைத்து, கியரைத் தொடாமல் காத்திருங்கள். பம்பு நீண்ட நேரம் அமைதியாக இருந்தால் நல்லது. கியரே மாற்றாதபோதும் பத்து, பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அது ஓடினால், அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்று பொருள். அக்யுமுலேட்டருக்குள் உள்ள வாயு போயிருக்கலாம், அல்லது வால்வில் கசிவு இருக்கலாம். பம்பும் வால்வுகளும் சேர்ந்த ஆக்சுவேட்டரின் எண்ணெய் அளவையும் பாருங்கள். அது கியர் ஆயில் அல்ல, தனிக் கலத்தில் இருக்கும் தனி எண்ணெய்.

மேட்டில் வரும் அதிர்வுக்கும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருப்பது ஒரு காரணம். மழைநாளில் வெளியே நின்ற வண்டி காலையில் இரண்டு மூன்று முறை மட்டும் அதிர்ந்துவிட்டுச் சரியாகிவிட்டால், அது ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுழலும், கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் சக்கரத்தில்) படிந்த மெல்லிய துரு, அதை நோய் என்று எண்ண வேண்டாம்.

தகடு தேய்ந்ததற்கு நம்பத்தகுந்த ஒரே அடையாளம் வழுக்கல். ஆளில்லாத நேரான ஏற்றத்தில், கியர் நெம்புகோலை, நாமே கியர் மாற்றும் எம் முறைக்குத் தள்ளி, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் வண்டியை நிலையாக ஓட்டிக்கொண்டு, ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு அழுத்துங்கள். அடிவரை அழுத்தினால் எம் முறையிலும் கணினி கியரைக் குறைத்துவிடும், அப்போது எகிறும் ஆர்.பி.எம்.மை (எஞ்சினின் நிமிடச் சுற்றுகளை) பார்த்து வழுக்கல் என்று ஏமாந்துவிடுவோம். அதனால் திரையில் கியர் எண் மாறாமல் இருக்கிறதா என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். ஆர்.பி.எம். உயர்ந்து வேகம் உயராவிட்டால் வழுக்கல்தான். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்க்கும் பழைய முறையைத் தயவுசெய்து இதில் செய்ய வேண்டாம். பிரேக்கை மிதித்ததும் கணினி கிளட்சைப் பிரித்துவிடுவதால் அதில் எதுவும் தெரியாது. பிரிக்காமல் விட்டால் பிளேட்தான் கருகும்.

கணக்கர், பெங்களூரு

பாண்டம் ஐயா சொன்ன சோதனையை எண்ணாக மாற்றிக்கொண்டால் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை. கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது ஒரே கியரில் ஆர்.பி.எம்.மை வேகத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே விடை வர வேண்டும். சமதரையில் மெதுவாக ஓட்டி, மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்துக்கு எத்தனை ஆர்.பி.எம். என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் அதே கியரில் அந்த வகுத்தல் விடை மாறினால், மாறிய அளவே வழுக்கலின் அளவு.

தேய்மானத்தைக் கணினி எப்படி அறிகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கேனரில் தெரியும் விழுக்காட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிளேட்டின் உராய்வுப் பூச்சு தேயத் தேய, அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகர்கிறது. அதற்கு எதிர்வினையாக, பிரஷர் பிளேட்டை அழுத்தும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கமாகப் பின்வாங்குகின்றன. விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் எந்த இடத்தில் ஓய்வெடுக்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்கிறது. புதிதாக இருந்தபோது இருந்த இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கணினி தேய்மான விழுக்காடாகக் காட்டுகிறது. பூச்சின் தடிமனை யாரும் நேராக அளக்கவில்லை. கிளட்ச் பொருத்தியபோது தொடக்கப் புள்ளியைச் சரியாகப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அதன்மேல் கட்டிய விழுக்காடு முழுவதும் பிழை. 1997-இல் எஃப்355 காரில் ஃபெராரி இத்தகைய கியர்பாக்ஸைக் கொண்டுவந்த பிறகு, அந்தப் பழைய கார்களை வாங்குவோர் முதலில் கேட்பது இந்த விழுக்காட்டைத்தான். அங்கும் தொடக்கப் புள்ளி சரியா என்பதுதான் அடுத்த கேள்வி.

இன்னொன்று. டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் இயல்பால், தேய்மானத்தின் முதற்பாதியில் பிடிப்பு அழுத்தம் குறைவதற்கு மாறாகச் சற்றுக் கூடுகிறது. பிறகு உச்சம் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. அதனால்தான் வழுக்கல் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வளர்வதில்லை. நெடுங்காலம் ஒன்றும் தெரியாமல் இருந்து, கடைசிக் கட்டத்தில் சட்டென்று வெளிப்படுகிறது. "நேற்று வரை நன்றாக ஓடியது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஏற்காடு போவதால் இதையும் எழுதுகிறேன். ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள கார், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், பிரேக் இல்லாமல் ஆக்சிலரேட்டரால் மட்டும் அசையாமல் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். வண்டி பின்னால் உருளாமல் இருக்கக் கிளட்ச் ஏறத்தாழ 19 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் கடத்த வேண்டும். எஞ்சின் 1,500 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அது சுமார் 3,000 வாட் வெப்பம். மூன்று இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் பிளேட்டின்மேல் வைத்து அழுத்துவதற்கு ஈடு. முன்னால் பேருந்து வளைவில் திரும்பும்வரை அரை நிமிடம் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடலோரச் சாலை, சென்னை

இவ்வளவு சோதனைகளையும் மதிக்கிறேன், ஆனால் நான் வேறு முடிவுக்கு வந்தவள். என் ஏ.எம்.டி. கார் 58,000 கி.மீ.யில், ஒரு மழைநாள் மாலையில், பழைய மகாபலிபுரம் சாலையின் நடுவே, தானே கியர் மாறும் டி-யில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி நகராமல் நின்றுவிட்டது. பின்னிருக்கையில் என் நான்கு வயது மகள் இருந்தாள். அன்று அடித்த தீய்ந்த வாடையை இன்றும் மறக்க முடியவில்லை. இழுவை வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பிரித்தபோது ஃப்ளைவீலும் விரிசல் விட்டிருந்தது, அதற்குத் தனிச் செலவு. அதற்கு இரண்டு மாதம் முன்பே சர்வீஸில் "கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஓட்டலாம்" என்றுதான் சொன்னார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

ஆகவே நெரிசலில் ஓட்டுபவர்கள் 60,000 வந்ததும் மாற்றிவிடுவது நல்லது என்பேன். குழந்தையோடு நடுச்சாலையில் நிற்பதைவிட, மீதம் இருந்த பூச்சை வீணாக்குவது மேல்.

பட்டறைப் பாண்டம், ஈரோடு

சகோதரி, நீங்கள் பட்ட துன்பம் பெரிது. "ஓட்டலாம்" என்று எண் எதுவும் சொல்லாமல் அனுப்பியது பட்டறையின் தவறு. இருந்தாலும் 60,000 என்ற எல்லையை எல்லோருக்கும் வைக்க என் மனம் ஒப்பவில்லை. நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியைப் பிரித்தபோது ஒரு லட்சத்து இருபதாயிரத்திலும் பாதிப் பூச்சு மிச்சம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். 35,000-இலேயே பூச்சு தீர்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி உரசியதையும் பார்த்திருக்கிறேன். கணக்கர் தம்பி, நெரிசலில் ஊர்ந்து போவது ஏன் பிளேட்டைத் தின்கிறது என்பதையும் எழுதினால் பலருக்குப் பயன்படும்.

கணக்கர், பெங்களூரு

ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் ஐடில் வேகம் 800 ஆர்.பி.எம்.; முதல் கியரில் மொத்த விகிதம் 15 அளவில் இருக்கும், அதாவது எஞ்சின் 15 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை. டயரின் சுற்றளவு 1.7 மீட்டர் என்றால், கிளட்ச் முழுதாகப் பிடித்த நிலையில் வண்டி போகக்கூடிய மிகக் குறைந்த வேகம் மணிக்கு ஐந்தரை கி.மீ. அளவு. அதற்கும் கீழே ஊர்ந்தால், எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கணினி கிளட்சை வழுக்க விட்டே ஆக வேண்டும். நடந்துபோகும் மனிதரைவிட மெதுவாக நகரும் நெரிசலில் நாம் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, அழுத்தி, தளர்த்தி ஓட்டும் ஒவ்வொரு நொடியும் பிளேட் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு காரின் நீளத்துக்கு இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்றுவிட்டு, பிறகு ஒரே மூச்சில் நகர்வதுதான் பிளேட்டுக்கு நல்லது. பிரேக்கை முழுதாக மிதித்திருக்கும்போது கிளட்ச் பிரிந்திருப்பதால் பூச்சு தேயாது. நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்குப் போனால் ரிலீஸ் பேரிங்குக்கும் ஓய்வு.

மேட்டுவழி, சேலம்

பாண்டம் ஐயா சொன்னபடியே செய்தேன். நியூட்ரலில் நின்றபோது பம்பு 14 விநாடிக்கு ஒருமுறை ஓடியது. கைபேசியில் நேரம் வைத்து ஆறு முறை பார்த்தேன். வேறொரு பட்டறையில் ஸ்கேனர் போட்டு அழுத்தம் இறங்குவதை உறுதி செய்து, அக்யுமுலேட்டரை மாற்றி, ஆக்சுவேட்டர் எண்ணெயையும் நிரப்பினார்கள். கிளட்ச் செட்டுக்கு எழுதிய மதிப்பீட்டில் கால் பங்குகூட ஆகவில்லை. இப்போது முதல் கியரிலிருந்து இரண்டாவது மாறுவது புதிதில் இருந்ததைப் போலவே இருக்கிறது.

ஆனால் மேட்டில் வரும் அதிர்வு போகவில்லை. மவுண்டுகள் நன்றாக இருக்கின்றன. ஸ்கேனரில் தேய்மானம் 72 விழுக்காடு. வழுக்கல் சோதனையில் சமதரையில் மூன்றாவது கியரில் 40 கி.மீ.க்கு 2,150 ஆர்.பி.எம்.; ஏற்காடு ஏற்றத்திலும் அதே விகிதம். வழுக்கல் இல்லை, ஆனால் 72 என்ற எண் மனத்தை உறுத்துகிறது. இந்த நிலையில் நீங்கள் என்றால் மாற்றுவீர்களா?

சங்ககிரி வழி

லாரிப் பக்கத்திலிருந்து ஒரு சொல். பெடல் இல்லாத ஏ.எம்.டி. கனரக வண்டிகளில் கிளட்ச் தேய்மானத்தைச் சர்வீஸின்போது ஒவ்வொரு முறையும் குறித்து வைப்போம். ஒரு முறை பார்த்த எண்ணை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. கடந்த சர்வீஸுக்கும் இதற்கும் நடுவே எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த எண் திடீரென்று வேகம் பிடித்தால், அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் வண்டியை நிறுத்திவிடுவோம். சரக்கோடு மலைப்பாதையில் நின்றால் ஆகும் இழப்போடு ஒப்பிட்டால் கிளட்ச் விலை சிறிது.

பட்டறைப் பாண்டம், ஈரோடு

மேட்டுவழி ஐயா, நான் என்றால் இப்போது மாற்ற மாட்டேன். சங்ககிரி நண்பர் சொன்னது கார்களுக்கும் பொருந்தும். 72 என்பதை இன்றைய கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள், 3,000 கி.மீ.க்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள். ஏற்காடு ஏறும்போதெல்லாம் ஒரு முறை வழுக்கல் கணக்கையும் பாருங்கள்.

வழுக்கல் ஒரே ஒரு முறை உறுதியாகத் தெரிந்துவிட்டால், "இன்னும் ஒரு மாதம்" என்று தள்ளக் கூடாது. வழுக்கும் பிளேட் சூடாகிறது, சூட்டில் இன்னும் வழுக்குகிறது, அந்தச் சூடு ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் ஏறுகிறது. சகோதரிக்கு ஃப்ளைவீல் விரிசல் விட்டது அப்படித்தான். வழுக்கலுக்கு முன்பே மாற்றுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் சில உண்டு: ரிலீஸ் பேரிங் இரைவது, எண்ணெய் சீல் கசிந்து பிளேட்டை நனைப்பது, வேறு வேலைக்காகக் கியர்பாக்ஸ் எப்படியும் கீழே இறங்கப்போவது. கூலியில் பெரும்பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான். அது ஏற்கெனவே இறங்கியிருக்கும்போது 70 விழுக்காடு தேய்ந்த பிளேட்டைத் திரும்ப ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. உங்களை நம்பி முதியவரோ குழந்தையோ தனிவழியில் பயணம் செய்கிறார்கள் என்றால் 85-இலேயே மாற்றுங்கள் என்பேன். சகோதரியின் அச்சத்துக்கு அந்த அளவு இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

மேட்டுவழி, சேலம்

எட்டு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பாதியில் விட்ட இழையை முடிக்காமல் விடுவது உதவியவர்களுக்குச் செய்யும் நன்றியாகாது.

74,000-இல் 74, 77,000-இல் 77, 80,000-இல் 83 என்று குறித்து வந்தேன். கடைசி இடைவெளியில் எண் வேகம் பிடித்ததைக் கண்டதும் மனைவியிடம் சொல்லி வைத்தேன். அடுத்த வாரமே, குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது, மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் முக்கால் பங்கு அழுத்தினேன். முள் 2,150-இல் நிற்காமல் 2,700-ஐத் தொட்டது, வேகம் 41. திரையில் கியர் எண் மூன்றாகவே இருந்தது. காலைத் தளர்த்தியதும் முள் மெல்ல இறங்கி, பிளேட் மீண்டும் பிடித்தது. சற்று மேலே இன்னொரு முறை பார்த்தேன், அதே கதை. அதற்குமேல் சோதிக்கவில்லை. மிதமான அழுத்தத்திலேயே வீடு போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறையில் விட்டேன்.

கியர்பாக்ஸ் இறங்கும்போது பக்கத்திலேயே நின்றேன். பிளேட்டைக் கையில் கொடுத்தபோது ஃப்ளைவீல் பக்கத்துப் பூச்சு கண்ணாடிபோல் பளபளத்தது. விரலால் தடவினால் வழவழப்பு. டெப்த் கேஜை வைத்துப் பார்த்ததில் ஒரு பக்கம் ரிவெட் தலைக்கு மேல் 0.8 மி.மீ., மறுபக்கம் 0.4 மி.மீ. பல கையேடுகள் வைக்கும் எல்லை 0.3 முதல் 0.5 வரை என்பதால் காலம் சரியாகத்தான் இருந்தது. ஃப்ளைவீலில் நாணய அளவில் மூன்று நீலத் திட்டுகள் இருந்தன; மேட்டு அதிர்வுக்கு அவைதாம் காரணம் என்றார்கள். விரிசல் இல்லாததால் மேற்பரப்பை மெல்லியதாகக் கடைந்தே திரும்பப் பொருத்த முடிந்தது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றினோம்.

கடலோரச் சாலை, சென்னை

குடும்பத்தோடு வழியில் நிற்காமல் முடிந்ததில் மகிழ்ச்சி. எட்டு மாதம் எண்ணைத் துரத்தும் பொறுமை எனக்கு இருந்திருக்காது, ஆனால் அந்த எண் என்னிடம் இருந்திருந்தால் அன்று மகளோடு கிளம்பியிருக்க மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி ஒவ்வொரு சர்வீஸிலும் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன்.

பட்டறைப் பாண்டம், ஈரோடு

ஐயா, இரண்டு கேள்விகள். புதிய கிளட்சின் தொடக்கப் புள்ளியை ஸ்கேனரில் பதிவு செய்தார்களா? கியர்பாக்ஸ் தண்டின் சீல் ஈரமாக இருந்ததா?

மேட்டுவழி, சேலம்

சீல் உலர்ந்துதான் இருந்தது. இருந்தாலும் பெட்டி இறங்கியிருந்ததால் புதியதைப் போடச் சொன்னேன். பதிவு செய்யும் கட்டத்தை முதலில் விட்டுவிட்டு வண்டியைக் கொடுக்க வந்தார்கள். எடுத்துப் பத்து மீட்டர் போவதற்குள் வண்டி இரண்டு முறை துள்ளியது. கணினி பழைய பிளேட்டின் இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தது. கணக்கர் எழுதியதைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஸ்கேனரை இணைத்து, எஞ்சின் ஓட, கைபிரேக் போட்டு, தொடக்கப் புள்ளியைப் பதியும் கிளட்ச் கற்றலை ஓடவிட்டபோது பம்பும் ஆக்சுவேட்டரும் மாறி மாறி இயங்குவது காதில் விழுந்தது. அதன் பிறகு துள்ளல் இல்லை. முதல் சில நாட்கள் ஏற்றத்தில் அழுத்தாமல் மென்மையாக ஓட்டினேன். தேய்மானம் 2 விழுக்காடு, ஓடியது 80,640 கி.மீ. என்று சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பட்டறைக்காரரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.